மண்டோரின் உள்ளங்கை

அத்தியாயம் 6

சிவானந்தம் மாஸ்டரின் பெயர்ப்பலகை அவருடைய அறிவைவிட நான்கடி நீளம். 'சிவானந்தம் கணினிக் கலாசாலை. டிப்ளமா பெற்றவரால் நடத்தப்படுவது. எதிர்காலம் இங்கே கற்றுத் தரப்படும்.' உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் இரண்டு. அதில் ஒன்று வேலை செய்யும். எது என்பது காலையில் சுவிட்சைப் போட்டுப் பார்த்தால்தான் மாஸ்டருக்கே தெரியும்.

கோலசிலாங்கூர் பஜாரில் அந்தப் பலகைக்கு நேர் எதிரே, ஜாபரின் சாப்பாட்டுக் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். எங்கள் என்றால் ஷேக் தாவூது பாயும் நானும். பாய் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளைம் பிடித்தவர். எரியாத கடையை எரிந்தது என்பவனையும், சாகாத மாட்டைச் செத்தது என்பவனையும் பார்த்துப் பார்த்து, எவன் வாயைத் திறந்தாலும் முதலில் சிரித்துவிடுவார். நான் காளியண்ணன். பாதி ஆயுளுக்கு லோரி ஓட்டினேன். இப்போது பாயின் பழைய காரை ஓட்டிக்கொண்டு, அவர் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு சந்திரிகா படியேறி வந்தாள். ஒன்பதாங்கட்டை ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் டைப்பிஸ்ட். தலையெல்லாம் மண்.

"என்னம்மா, மழையில்லாத நாள்ல எங்க போய் விழுந்தே?" என்றேன்.

"விழல அண்ணே. தூத்துனாங்க."

என் சிரிப்பு நின்றுவிட்டது. மண்ணை வாரித் தூற்றினால் அதற்கு மேல் ஒரு சாபம் எங்கள் ஆட்களிடம் கிடையாது.

"யாரு?" என்றார் பாய்.

"அமராவதி அக்கா. நோட்டீஸ் போர்டு முன்னால, எல்லாரும் பார்க்க. 'என் வீட்டைத் தின்னவ நீ, உருப்பட மாட்டே'ன்னு." அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்னதில் ஒரு குழப்பமும் இல்லை.

தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை இந்த மாதம் முப்பதாம் தேதி இடிக்கிறார்கள். பதிலுக்கு புக்கிட் பெலிம்பிங் ரோட்டில் நாற்பது கல் வீடு கட்டியிருக்கிறார்கள். குடும்பங்கள் அறுபத்திரண்டு. சண்டை வரக்கூடாது என்று மேனேஜர் கம்ப்யூட்டரில் குலுக்கல் போடச் சொன்னார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆபீஸில் மேனேஜர், ஆபீஸ் கணக்கைப் பார்க்கிற தலைமைக் கிராணி நல்லசாமி, சந்திரிகா மூன்று பேரும் நின்று பார்க்க, திரையில் நாற்பது வீடும் நாற்பது பெயரும் ஓடின.

"நான் எழுதுன புரோகிராம் பாய். அமராவதி அக்கா பேரு வந்துச்சு. கண்ணால பார்த்தேன். போற வழியில லயத்துல சொல்லிட்டேன், 'அக்கா, ஒங்களுக்கு வீடு கெடைச்சிருச்சு'ன்னு. அவங்க லயம் முழுக்கப் பாயசம் காய்ச்சி ஊத்துனாங்க."

"எத்தனாம் நம்பர் வீடு?"

"அதைத்தான் பார்க்கல. வேகமா ஓடிருச்சு. இன்னைக்குக் காலையில லிஸ்ட்டு ஒட்டுனாங்க. நாப்பது வரி சரியா இருக்கு. அக்கா பேரு மட்டும் இல்ல. பதினாலாம் நம்பர்ல கிராணி நல்லசாமி. இருபத்தேழுலயும் கிராணி நல்லசாமி."

"ஒருத்தருக்கு ரெண்டு வீடா? ஒண்ணு சாப்பிட, ஒண்ணு தூங்கவா?" என்றேன்.

"கிராணி என் மேலதான் பழியைப் போடறாரு அண்ணே. நான் அவரு பேரைத் தப்பா ரெண்டு தடவ அடிச்சிட்டேனாம். அக்கா பேரு குலுக்கல்ல வரவே இல்லையாம். அவருக்கு ஒரு வீடு போதுமாம். இருபத்தேழை வச்சிக்கிட்டுப் பதினாலைக் கம்பெனிக்கே விட்டுக் குடுத்திடறாராம். மேனேஜர் அவரைக் கையைப் புடிச்சுப் பாராட்டுனாரு. நாலு மணிக்குக் கம்பெனி வக்கீல் வர்றாரு. லிஸ்ட்டுல பேரு இருக்கறவங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது. அக்காவுக்கு வீடு இல்ல, எனக்கு வேலை இல்ல."

அமராவதிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. முப்பது வருஷமாகக் கித்தா மரம் சீவியவள். லயத்தை இடித்தால் போக இடம் கிடையாது. அதைச் சொல்லும்போது தான் வாங்கிய மண்ணைப் பற்றி சந்திரிகா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

பாய் கோப்பியைத் தள்ளி வைத்தார். "புள்ள, எனக்கு மிஷின் தெரியாது. அந்தப் பேருங்க உள்ள எப்படி இருக்கும்?"

"வேரியபிள்னு சொல்லுவாங்க பாய். வரிசையா பெட்டி வச்ச மாதிரி. பெட்டி மேல வீட்டு நம்பர், உள்ள ஒரு பேரு. ஒரு பெட்டிக்கு ஒண்ணுதான் புடிக்கும். இன்னொரு பேரை உள்ள போட்டா, முன்ன இருந்தது போயிரும்."

"போயிரும்னா? ஓரமா ஒதுங்கி உக்காராது?"

"உக்காராது. அழிஞ்சிரும். அப்புறம் மிஷினைக் கேட்டாலும் தெரியாது."

"எங்க பழைய லோரி மொதலாளி மண்டை அப்படித்தான்," என்றேன். "மத்தியானம் ஒண்ணு சொன்னா, காலையில சொன்னது இருக்காது."

பாய் கவனிக்கவில்லை. "லிஸ்ட்டை அச்சடிச்சது எங்க?"

"எதுத்தாப்ல. மாஸ்டர்கிட்டதான் பிரிண்டர் இருக்கு. சனிக்கிழம காலையில கிராணி டிஸ்க்கை எடுத்துக்கிட்டு வந்தாரு."

"கிராணிக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"அது மேல தொப்பியக் கழட்டி வைப்பாரு பாய். அதுக்கு மேல தெரியாது."

பாய் என்னைக் காரில் எண்ணெய் போட்டுவரச் சொன்னார். திரும்பி வந்தபோது சந்திரிகாவின் பாட நோட்டு அவர் கையில் இருந்தது. எதையோ படித்து, வழக்கம்போலத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். எதிர்க்கடைக்குப் படிக்கப் போகலாம் என்றார்.

சந்திரிகாவை ஜாபரின் கடையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் ரோட்டைத் தாண்டினோம்.

"செருப்பைக் கழட்டுங்க! மிஷினுக்குத் தூசி ஆகாது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்புறம்தான் ஆள் தெரிந்தார். கழுத்தில் டை, டையில் ஊசி, பாக்கெட்டில் மூன்று பேனா. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி. எதிர்காலம் அந்த வாளி பக்கத்தில்தான் கற்றுத் தரப்படுகிறது போலிருக்கிறது.

"பாய், நீங்களா! என்னா, கணக்கு மிஷின் ரிப்பேரா?"

"இல்ல மாஸ்டர். ஒம்பதாங்கட்ட தோட்டத்து லிஸ்ட்டைப் பத்தி..."

"நான் அச்சு மட்டும்தான் அடிச்சேன். உள்ள என்னா இருந்துச்சோ அதுதான் வெளிய வந்துச்சு. அந்தப் பொண்ணு சந்திரிகா என் மாணவிதான், சொல்லவே வெக்கமா இருக்கு. அரைகுறை. நான் சொல்றதை அப்படியே எழுதாது, எதுத்துக் கேக்கும்." மாஸ்டர் டையைச் சரிசெய்துகொண்டார். "இதெல்லாம் ஒங்களுக்குப் புரியாது பாய். இது ரொட்டி போடற வேலை இல்ல."

ரொட்டி போடுவது ஜாபர். பாய் வாழ்க்கையில் ஒரு ரொட்டி போட்டதில்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். சாகாத மாட்டுக்காரனிடம் அப்படித்தான் குனிந்தார்.

"புரியணும்னுதான் வந்தேன். எனக்கும் காலம் போன காலத்துல ஒரு ஆசை. இந்த வேரியபிள்னா என்னா மாஸ்டர்?"

அவ்வளவுதான். மாஸ்டருக்குச் சாக்கட்டி கையில் வந்துவிட்டது. மாறி என்றார், மாறிலி என்றார், தர்க்கம் என்றார், ஜப்பான்காரன் என்றார். சந்திரிகா இரண்டு வார்த்தையில் சொன்னதை இருபது நிமிஷம் சொன்னார். சொல்லி முடித்தபோது எனக்குப் பெட்டி என்றால் என்ன என்பதே சந்தேகமாகிவிட்டது. சுவரில் கடிகாரம் ஒரு மணியைத் தாண்டியிருந்தது. நான் பாயின் முழங்கையை இடித்தேன். அவர் நகரவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம் மாஸ்டர். A-ன்னு ஒரு பெட்டி, B-ன்னு ஒரு பெட்டி. இதுல இருக்கறதை அதுலயும், அதுல இருக்கறதை இதுலயும் மாத்தி வைக்கணும். எப்படி?"

மாஸ்டர் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் பாயை ஏற இறங்கப் பார்த்தார். ரொட்டிக்கார பாய்க்கு என்ன தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது.

"இதெல்லாம் பால பாடம்," என்று இரண்டு வரி எழுதினார்.

A = B
B = A

"முதல் வரியில B-ல உள்ளது A-வுக்குப் போவுது. ரெண்டாவது வரியில A-ல உள்ளது B-க்கு வருது. தீர்ந்துச்சு."

"ஓட்டிப் பார்க்க வேணாமா?"

"எனக்கு எதுக்கு? டிப்ளமா வாங்குனவன் ஒவ்வொண்ணையும் ஓட்டிப் பார்த்துக்கிட்டா இருப்பான்?"

"எனக்கு மறதி மாஸ்டர். ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன். பேரும் போட்டு."

மாஸ்டர் கலாசாலையின் பெயர் அச்சடித்த தாளில் அந்த இரண்டு வரியை எழுதினார். கையெழுத்துப் போட்டார். யாரும் கேட்காமலே முத்திரையும் குத்தினார். பாய் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, மூன்றரை மணிக்குத் தோட்டத்துப் பக்கம் வந்தால் மேனேஜர் முன்னால் கம்ப்யூட்டரைப் பற்றி நாலு வார்த்தை பேசலாமே என்று கேட்டார். மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

"ஒரு மணி நேரம் வீணாப்போச்சு," என்றேன் காரில். "அங்க ஒரு பொம்பளைக்கு வீடு போவுது. நீங்க இங்க டை கட்டுனவன்கிட்ட அஆ படிச்சிட்டு வர்றீங்க."

"நல்லாத்தான் படிச்சேன்," என்றார். பின் சீட்டில் சந்திரிகா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

புக்கிட் பெலிம்பிங் ரோட்டிலிருந்து புது வீடுகளுக்கு ஒரு செம்மண் பாதை பிரிகிறது. காரைத் திருப்பியதும் நான் பிரேக்கை மிதித்தேன். பாதை நேரே போய் ஒரு வீட்டு வாசலில் முட்டி நின்றது. அங்கிருந்துதான் இடமும் வலமும் பிரிந்தது. அந்த வீட்டுக் கதவில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருந்தது. பதினாலு.

"தெருக்குத்து!" என்றேன். "சுத்தமான தெருக்குத்து பாய். ரோடு நேரா நெஞ்சுல வந்து குத்துது. இதுல குடிபோனா குடும்பம் வெளங்காதுன்னு சொல்லுவாங்க. எங்க ஆளு ஒருத்தனும் இதுல அடுப்புப் பத்த வைக்க மாட்டான்."

"இதைத்தான் கிராணி பெருந்தன்மையா கம்பெனிக்கு விட்டுக் குடுக்கறாரு," என்றார் பாய்.

எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. கொடுக்கிற கை எங்கே கொடுக்கிறது என்று பார்த்துத்தான் பாராட்ட வேண்டும்.

இருபத்தேழாம் எண் வீடு கடைசி வரிசையில், ஒரு மாமரத்தின் பக்கத்தில், கிழக்குப் பார்த்து நின்றது. அங்கே சாவிக்கொத்தோடு மண்டோர் அர்ஜுனன் உட்கார்ந்திருந்தார். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, பகலில் புது வீடுகளுக்குக் காவல்.

"மண்டோரே, கிராணி இந்தப் பக்கம் வந்தாரா?" என்றார் பாய்.

"வராமலா? சனிக்கிழம மத்தியானம் சம்சாரத்தோட வந்தாரு. இந்த இருபத்தேழுல ஜன்னலுக்கெல்லாம் துணி அளவு எடுத்துக்கிட்டுப் போனாரு."

"லிஸ்ட்டு ஒட்டுனது இன்னைக்குக் காலையிலதான."

மண்டோர் விழித்தார். அவருக்கு அது இப்போதுதான் உறைத்தது.

பாயின் கண் மண்டோரின் இடது கையில் இருந்தது. உள்ளங்கையில் பேனா மையில் பாதி அழிந்த ஒரு பெயர். "இது என்னா?" என்று கேட்டார். மண்டோர் வெட்கப்பட்டுக் கையை மடக்கினார். "வேலை விஷயம் பாய். காலையில நிரை மாத்துனேன்." சந்திரிகா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். என்ன வேடிக்கை என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றரைக்குப் பெரட்டுக் களத்தில் கூட்டம். காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுகிற தகரக் கொட்டகை அது. சுவரில் பெரிய கரும்பலகை. மரம் சீவுகிற ஒவ்வொரு நிரைக்கும் ஒரு எண், எண்ணுக்கு எதிரே அன்றைக்கு அதைச் சீவுகிறவர் பெயர். மேசைக்குப் பின்னால் மேனேஜர். அவரைத் தோட்டத்தில் இன்னும் துரை என்றுதான் சொல்கிறார்கள், வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷமாகியும். பக்கத்தில் முன்னதாகவே வந்துவிட்ட கோலாலம்பூர் வக்கீல். அவருக்குப் பக்கத்தில் கிராணி நல்லசாமி, வெள்ளை முழுக்கால் சட்டை, கையில் தொப்பி. சிவானந்தம் மாஸ்டர் பேச்சுக்குத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். மெலிந்த உடம்பு, முட்டிவரை கித்தாப் பால் கறை. "இவளை எதுக்குக் கூட்டியாந்தீங்க? இவ மூஞ்சில முழிக்க மாட்டேன்!"

"ஏ, ஏழாம் நம்பர் லயம்! சத்தம் போடாம நில்லு," என்றார் கிராணி.

அமராவதி நின்றாள். முப்பது வருஷப் பழக்கம், கால் தானாக நின்றுவிட்டது.

துரை பாயை அறிவார். பழைய தீ விபத்துக் கிளைம் ஒன்றில் பழக்கம். "பத்து நிமிஷம் தருகிறேன்," என்றார் மலாயில்.

பாய் மண்டோரைப் பலகைக்குக் கூப்பிட்டார். பதினாலாம் நிரைக்கு நேரே நல்லசாமி என்றும், இருபத்தேழாம் நிரைக்கு நேரே அமராவதி என்றும் எழுதச் சொன்னார். கிராணியின் பெயர் மரம் சீவுகிற வரிசையில் வந்ததும் பின்னால் ஒருவன் விசில் அடித்தான்.

"மண்டோரே, இந்த ரெண்டு ஆளையும் நிரை மாத்திப் போடுங்க. எப்பவும் போல."

மண்டோர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். முதலில் இடது உள்ளங்கையில் அமராவதி என்று எழுதிக்கொண்டார். அப்புறம் பலகையில் இருபத்தேழைத் துடைத்து நல்லசாமி என்று எழுதினார். பதினாலைத் துடைத்து, உள்ளங்கையைப் பார்த்து, அமராவதி என்று எழுதினார். முடிந்தது.

"கையில எதுக்கு எழுதுனீங்க?"

"எழுதாமத் தொடைச்சிட்டா, யாரு இருந்தாங்கன்னு தெரியாமப் போயிரும்ல? நாப்பது பேர்ல ஒருத்தரை விட்டுட்டா அன்னைக்கு அவங்களுக்கு வேலை இல்ல. அப்புறம் யாரு சண்டை வாங்குறது?"

"சரி. பழையபடி எழுதுங்க. இப்ப ஒங்க வழி வேணாம். டிப்ளமா வழி." பாய் சட்டைப் பையிலிருந்து முத்திரை குத்திய தாளை எடுத்தார். "மாஸ்டர், இது நீங்க எழுதுனதுதானே?"

"ஆமா, என் கையெழுத்துதான்," என்றார் மாஸ்டர் பெருமையாக.

"மண்டோரே, கையில எழுதக்கூடாது. தாள் சொல்றதை மட்டும் செய்யுங்க. A-ன்னா இருபத்தேழு, B-ன்னா பதினாலு. முதல் வரி. பதினாலுல இருக்கற பேரை இருபத்தேழுல போடுங்க."

மண்டோர் அமராவதியைத் துடைத்தார். அந்த இடத்தில் நல்லசாமி என்று எழுதினார்.

"ரெண்டாவது வரி. இப்ப இருபத்தேழுல இருக்கற பேரைப் பதினாலுல போடுங்க."

மண்டோர் பதினாலைத் துடைத்தார். இருபத்தேழைப் பார்த்தார். சாக்கட்டியோடு அப்படியே நின்றார். "இங்கயும் நல்லசாமிதான பாய் இருக்கு?"

"அதையே எழுதுங்க."

எழுதினார். பதினாலு, நல்லசாமி. இருபத்தேழு, நல்லசாமி. அமராவதி எங்கேயும் இல்லை.

கூட்டம் பலகையை நெருங்கி வந்தது. அப்புறம் பின்னால் ஒருவன் "அட, நோட்டீஸ் போர்டுல இருக்கறது அப்படியே வந்திருச்சு லா!" என்று கத்தினான்.

பாய் சந்திரிகாவின் நோட்டைத் துரை முன்னால் விரித்தார். மாஸ்டரின் இரண்டு வரியும் அதில் இருந்தது. அதன் மேல் சிவப்பில் ஒரு கோடு. பக்கத்தில் சந்திரிகாவின் கையெழுத்து: 'ஓட்டிப் பார்த்தேன். தப்பு.' கீழே மூன்று வரி. அதில் மூன்றாவதாக ஒரு பெட்டி. அதற்கு அவள் வைத்திருந்த பெயர் KAI.

"சின்ன வயசுல இங்கதான் நின்னு மண்டோரை வேடிக்கை பார்ப்பேன்," என்றாள் சந்திரிகா. "அவரு கைதான் அது."

"துரை, தப்பா டைப் அடிச்சா ஏதாவது ஒரு பேரு கோணலா வரும்," என்றார் பாய், துரைக்கு மலாயிலும் கூட்டத்துக்குத் தமிழிலுமாக. "இப்படி ஒண்ணு அழிஞ்சு, இன்னொண்ணு ரெண்டாகாது. யாரோ இந்த ரெண்டு வீட்டையும் மாத்தப் பார்த்திருக்காங்க, மாத்தத் தெரியாம. இந்தப் புள்ளைக்கு மாத்தத் தெரியும். தெரியாதவரு டிஸ்க்கோட சனிக்கிழம தனியா இருந்தாரு. எப்படித் தெரியாதுங்கறதையும் எழுதி முத்திரை குத்திக் குடுத்திருக்காரு."

சிவானந்தம் மாஸ்டரின் முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன். குளிர்சாதனம் இல்லாத இடத்தில் டை கட்டினால் அப்படித்தான் வேர்க்கும். பலகையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். இத்தனை வருஷம் கற்றுக் கொடுத்த பாடத்தை அந்த மனிதர் இப்போதுதான் படிக்கிறார்.

"கிராணிதான் மாத்தச் சொன்னாரு!" என்றார் திடீரென்று. "பதினாலு தெருக்குத்து, வெளியில தெரியாம மாத்திக் குடுங்கன்னு அவருதான் கேட்டாரு!"

"மாத்தத்தான்டா சொன்னேன்!" நல்லசாமி தொப்பியைக் கீழே வீசினார். "ஒழுங்கா மாத்தச் சொன்னேன்! சரியா மாத்தியிருந்தா எவனுக்கும் தெரிஞ்சிருக்காதே! டிப்ளமா, டிப்ளமான்னு என் தலையில மண்ணைப் போட்டியே!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

துரைக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் அதற்குத் தமிழ் தேவைப்படவில்லை.

நல்லசாமி சமாளிக்கப் பார்த்தார். "துரை, இருபத்தேழு எனக்கு விழுந்ததுதான். பதினாலுதான் இந்தப் பொம்பளைக்கு..."

"அப்ப எதுக்கு மாத்தச் சொன்னீங்க கிராணி?" என்றார் பாய். "மாமரத்தடி வீட்டை விட்டுட்டுத் தெருக்குத்துக்குப் போகவா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். தோட்டமே சிரித்தது. திருடுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். கிராணி கணக்குத் தெரியாத ஆளைப் பிடித்துக் கணக்கை மாற்றப் போயிருக்கிறார். மாஸ்டரோ திருட்டை அச்சடித்து உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். கிராணி அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒட்டியிருக்கிறார்.

துரை பேனாவை எடுத்து லிஸ்ட்டில் இருபத்தேழுக்கு நேரே ஒரு பெயரை அடித்து, இன்னொரு பெயரை எழுதினார். சந்திரிகாவைப் பார்த்து, நாளைக்கு வழக்கம்போல எட்டு மணிக்கு ஆபீஸுக்கு வரும்படி சொன்னார். நல்லசாமியைப் பார்த்து, நாளைக்கு ஒன்பது மணிக்குத் தன் அறைக்கு வரும்படி சொன்னார். எட்டு மணிக்கு அவளுக்கு வேலை, ஒன்பது மணிக்கு அவருக்கு விசாரணை; அந்த ஒரு மணி நேர வித்தியாசம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாஸ்டர் எப்போது நழுவினார் என்று யாரும் பார்க்கவில்லை.

அமராவதி சந்திரிகாவிடம் போனாள். அவள் தலைமுடியிலிருந்த மண்ணை விரலால் தட்டித் தட்டி எடுத்தாள். "கண்ணு, ஒன்னப் போய்ப் பேசிட்டேனே. என் வாய் அழுகிப் போவ," என்று அழுதாள். சந்திரிகா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் காரைப் பார்க்கப் போகிறவன்போல இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"பாய், ஒண்ணு கேக்கறேன்," என்றாள் அமராவதி. "இவங்க ஒழுங்காத் திருடியிருந்தா என்னா ஆயிருக்கும்?"

"பதினாலு ஒனக்கு வந்திருக்கும். யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"பதினாலே எனக்குப் போதுமே!" அவள் கிராணி பக்கம் திரும்பினாள். "தெருக்குத்தாம்! முப்பது வருஷமா என் லயத்து வாசல்ல சாக்கடை ஓடுது. புருஷன் மரம் விழுந்து செத்தான். அன்னைக்கு எந்தத் தெரு வந்து குத்துச்சு? எனக்கு வேண்டியது நாலு சுவரு. வெள்ளிக்கிழமை என் வாசல்ல வந்து, 'மாத்திக்கலாமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அப்பவே மாத்திக் குடுத்திருப்பேனே!"

இது யாருக்கும் தோன்றவில்லை. பாய்க்குக்கூடத் தோன்றவில்லை, முகத்திலேயே தெரிந்தது. கிராணிக்கு எப்படித் தோன்றும்? லயத்து வாசலில் போய் நின்று மரம் சீவுகிறவளிடம் ஒரு உதவி கேட்பதைவிட, பட்டணத்துக்குப் போய் டை கட்டியவன் காலைப் பிடிப்பது அவருக்கு கௌரவமாகப் பட்டிருக்கிறது.

வக்கீல் மைப்பெட்டியைத் திறந்தார். அமராவதி கட்டைவிரலைத் தோய்த்து, காட்டிய இடத்தில் அழுத்தி வைத்தாள்.

நல்லசாமி தரையிலிருந்து தொப்பியை எடுத்தார். அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"அமராவதி... இப்பக் கேக்கறேன். மாத்திக்கலாமா?"

அவள் மை படிந்த விரலைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"என் பேரு ஒங்களுக்குத் தெரியுமா கிராணி? முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் ஒங்க வாயில கேக்கறேன்." தாளைக் காட்டினாள். "ரேகை வச்சிட்டேன். இது சாக்கட்டி இல்ல, தொடைச்சு எழுதறதுக்கு."

வக்கீல் அடுத்த தாளைத் திருப்பிப் பேனாவை நீட்டினார். பதினாலாம் எண்ணுக்கு நேரே நல்லசாமி கையெழுத்துப் போட்டார்.